புல்லுக்குக் காசு குடுத்து விதை வாங்கின கதை

அப்பாகிட்ட முதல் தடவை இதைச் சொன்னப்போ அவரு ஒரு அஞ்சு செகண்ட் பேசவே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன். அப்புறம் மெதுவா, "என்னது, புல்லுக்கு விதையா? காசு குடுத்தா வாங்குன?" அப்படின்னாரு. மன்னார்குடி பக்கத்துல ஆறு ஏக்கரை வச்சுக்கிட்டு நாப்பது வருஷமா அருகும் கோரையும் புடுங்கியே முதுகு வளைஞ்ச மனுஷன் அவரு. அவருக்கு புல்லுங்கறது வயல்ல இருந்தா எதிரி, வரப்புல இருந்தா மாட்டுத்தீனி, பிள்ளையார் தலையில இருந்தா சாமி. நாலாவதா ஒரு புல் இருக்குப்பா, அதை வீட்டு முன்னாடி தண்ணி ஊத்தி உரம் போட்டு வளக்கணும், வளந்ததும் வெட்டணும், வெட்டுனதை மாட்டுக்கும் போடாம பையில கட்டி ரோட்டோரம் வைக்கணும்னு சொன்னா அவரு என்னதான் செய்வாரு பாவம்.

நாங்க இருக்கறது கனடால கிச்சனர்ங்கற ஊரு, டொரன்டோலேர்ந்து மேக்கே ஒரு நூறு கிலோமீட்டர். 2019ல வீடு வாங்குனோம். வாங்கும்போது முன்னாடியும் பின்னாடியும் சேத்து ஒரு 1200 சதுர அடி பச்சைப்பசேல்னு இருந்துச்சு, போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். பின்னாடிதான் தெரிஞ்சுது அது பாய் மாதிரி சுருட்டி வர்ற ரெடிமேட் புல்லுன்னு. வீடு கட்டும்போது மெஷின் ஏறி ஏறி இறுகிப்போன களிமண்ணு மேல நாலு விரக்கடை நல்ல மண்ணைக் கொட்டி, அதுக்கு மேல பாயை விரிச்ச மாதிரி விரிச்சு விட்டுருக்காங்க. அந்தப் புல்லுக்குப் பேரு கென்டக்கி புளூகிராஸ். அதுக்கு கென்டக்கியும் சொந்த ஊரு இல்ல, நீலமும் இல்ல. ஐரோப்பாலேர்ந்து கப்பல் ஏறி வந்த புல்லு அது, என்னை மாதிரிதான் வந்தேறி.

ரெண்டாவது வருஷம் இலையுதிர் காலத்துல ஒருநாள் காலைல கதவைத் தொறந்தா முன்பக்கத் தரை முழுக்க யாரோ மம்பட்டியால கொத்திப் போட்ட மாதிரி கெடக்கு. ஸ்கங்க்! நாத்தம் புடிச்ச அந்தக் கறுப்பு வெள்ளை பிராணி ராத்திரி பூரா தோண்டிருக்கு. ஏன் தோண்டுதுன்னு ஒரு ஓரத்தைப் புடிச்சு இழுத்தா, நான் பொய் சொல்லல, புல்லு அப்படியே பாய் மாதிரி கையோட சுருண்டு வந்துடுச்சு. வேரே இல்ல. அடியில வெள்ளையா, காது மாதிரி வளைஞ்ச புழு, ஒரு சதுர அடிக்கு பத்துப் பதினஞ்சு. வண்டோட புழு. புல்லு வேரைத் தின்னு கொழுத்துப்போயி கெடக்குது, அதைத் தின்ன ஸ்கங்க் வருது, ஸ்கங்க் போனதும் ரக்கூன் வருது. விருந்து வச்சது நான்.

ஊரா இருந்தா கடைக்காரன்கிட்ட போயி "புழுவுக்கு ஒண்ணு குடுங்க"ன்னா ஏதாவது ஒரு டப்பாவை நீட்டிருப்பான். இங்க எங்க ஒன்டாரியோ மாகாணத்துல 2009 ஏப்ரல்லேர்ந்து அழகுக்காக வளக்கிற புல்வெளிக்கு பூச்சிமருந்து, களைக்கொல்லி அடிக்கத் தடை. பக்கத்து மாகாணம் கியூபெக்கில ஹட்சன்னு ஒரு சின்ன ஊரு 1991லயே அப்படி ஒரு சட்டம் போட்டு, புல்லுக்கு மருந்தடிக்கிற கம்பெனிங்க கேஸ் போட, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2001ல ஊரு ஜெயிச்சுது. அதுக்கப்புறம் ஒவ்வொரு இடமா தடை வந்துச்சு. இப்ப புழுவுக்கு நான் வாங்கக்கூடியது நெமட்டோடுன்னு கண்ணுக்கே தெரியாத இன்னொரு புழு. ஃபிரிட்ஜுல வச்சு விக்கிறாங்க, தண்ணியில கரைச்சு ஆகஸ்ட் கடைசியிலயோ செப்டம்பர்லயோ ஈரமான மண்ணுல சாயங்காலமா ஊத்தணும். ஊத்தினேன். அது வேலை செஞ்சுச்சா, புழுவுக்குத் திங்க வேரே இல்லாம போயிடுச்சான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இனி மொட்டைத் தரை. அப்பத்தான் கடையில போயி அந்தப் புல்லு விதைப் பையை வாங்குனேன். பை மேல ஒரு படம் போட்டிருப்பாங்க பாருங்க, மாப்பிள்ளை பாக்க வர்றப்ப காட்டற போட்டோ மாதிரி.

போட்டது அடுத்த வருஷம் ஜூலை மாசம். ஏன் ஜூலைன்னு கேட்டா எனக்கே வெக்கமா இருக்கு. "ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு சின்ன வயசுலேர்ந்து காதுல விழுந்து விழுந்து, காலண்டர்ல ஆடி பொறந்ததும் மண்டைக்குள்ள எவனோ மணி அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஊர்ல ஆடியில காவேரி வந்துடும், மழையும் பின்னாடியே வரும். இங்க ஜூலைல 32 டிகிரி வெயிலு, களிமண்ணு செங்கல் மாதிரி காயுது. காலையும் சாயங்காலமும் பைப்பைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு வாரத்துல மெல்லிசா பச்சை தெரிஞ்சுது. ஆஹா வந்துடுச்சுடான்னு தண்ணியைக் கொறச்சேன். அங்கதான் ஏமாந்தது. பைக்குள்ள இருந்தது ஒரு புல்லு இல்ல, மூணு. ரைகிராஸ் அஞ்சாறு நாள்லேர்ந்து பத்து நாளுக்குள்ள மொளைச்சுடும், ஃபெஸ்க்யூ ஒண்ணு ரெண்டு வாரம், நம்ம புளூகிராஸ் மகராசி ரெண்டுலேர்ந்து நாலு வாரம் எடுத்துக்குவா. நான் பாத்தது முந்திரிக்கொட்டை ரைகிராஸை மட்டும். அதைப் பாத்து தண்ணியை நிறுத்துனதுல, உள்ள அப்பத்தான் கண்ணு முழிச்ச புளூகிராஸ் அப்படியே காஞ்சுபோச்சு, வெளியில வந்த ரைகிராஸையும் வெயிலு சுட்டுருச்சு. மிச்சத்தைக் குருவி பொறுக்கிருச்சு.

கடைக்காரனைத் திட்டி, பையைத் திட்டி, கனடாவைத் திட்டி அப்பாகிட்ட பொலம்புனேன். அவரு கேட்டுட்டு, "விதையைக் குத்தம் சொல்லாத. ஆடியில வெதைன்னு சொன்னது நம்ம ஊருக்கு. ஒன் ஊர்ல ஆடி எப்ப வருதுன்னு மொதல்ல பாரு"ன்னாரு.

விசாரிச்சா, புல்லுக்கு இங்க ஆடி ஆகஸ்ட் பாதிக்கு மேல ஆரம்பிச்சு செப்டம்பர் பாதி வரைக்கும். மண்ணுல சூடு மிச்சம் இருக்கும், காத்து குளுந்திருக்கும், ராத்திரி பனி எறங்கும், களையெல்லாம் முடிஞ்சுபோற நேரம். அந்த வருஷமே செப்டம்பர் முதல் வாரத்துல திரும்பப் போட்டேன், பாதிக்குமேல வந்துச்சு. அது நல்லாத்தான் இருந்துச்சு, அதைப்பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. மிச்சப் பாதி சொட்டை சொட்டையாவே நின்னுச்சு, அங்கதான் குளோவர் உள்ள வந்தது.

குளோவர்னா மூணு இலைச் செடி, தரையோட படரும், வெள்ளையா குண்டு குண்டா பூக்கும். தமிழ்ல அதுக்கு வழக்கமான பேரு கெடையாது, ஊர்ல கொங்குப் பக்கம் மாட்டுக்குப் போடற குதிரைமசாலுக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்குங்க. பயறு உளுந்து குடும்பந்தான். காத்துல இருக்கற நைட்ரஜனைப் புடிச்சு வேர் முடிச்சுல சேக்கும், தானும் தின்னு பக்கத்துப் புல்லுக்கும் கொஞ்சம் விடும். யூரியா வேணாம். ஜூலை வறட்சியில புளூகிராஸ் பழுப்பாகி தூங்கும்போதும் இது பச்சையா நிக்கும்.

இன்னிக்கு இதை நிறைய பேரு களைன்னு சொல்றாங்க. ஆனா ரெண்டாம் உலகப்போர் முடியற வரைக்கும் புல்லு விதைப் பையிலயே குளோவரையும் சேத்துத்தான் வித்திருக்காங்க. 1945 வாக்குல 2,4-டின்னு களைக்கொல்லி கடைக்கு வந்துச்சு. அது புல்லை விட்டுடும், அகல இலைச் செடியை மட்டும் கொல்லும். டேன்டிலியன்ங்கற மஞ்சப்பூக் களைக்கு அடிச்சா கூட இருக்கற குளோவரும் சாகும். குளோவரை மட்டும் தப்பிக்க வைக்கிற மருந்து இல்லாததால, சரி போகட்டும் குளோவரும் களைதான்னு முடிவு பண்ணிட்டாங்க. மருந்துக்குத் தகுந்த மாதிரி களையோட லிஸ்ட்டை மாத்திக்கிட்டாங்க, அவ்வளவுதான். இதை அப்பாகிட்ட சொன்னப்போ, "டூ ஃபோர் டியா? நாம கோரைக்கு அடிப்போமே அதா?"ன்னாரு. அதேதான்.

விதை வாங்கப் போன இடத்துல இன்னொரு கூத்து நடக்க இருந்துச்சு. ஒரு பையில "ஸ்வீட் குளோவர்"னு போட்டிருந்துச்சு, பேரே இனிக்குதேன்னு கையில எடுத்துட்டேன். பக்கத்துல நின்ன வயசான அம்மா ஒருத்தங்க, "தம்பி இது உன் தோளுக்கு மேல வளரும்"ங்கற அர்த்தத்துல கையை ஒசத்திக் காட்டுனாங்க. அது வேற செடி, வயலுக்குப் போடறது. அப்புறம் வீட்டுல வந்து படிச்சா அந்தச் செடிக்குப் பின்னாடி பெரிய கதையே இருக்கு. 1920கள்ல இந்த ஸ்வீட் குளோவர் வைக்கோல்ல பூஞ்சை புடிச்சு, அதைத் தின்ன மாடுங்க சின்னக் காயம் பட்டாலே ரத்தம் நிக்காம செத்துச்சு. எங்க வீட்டுலேர்ந்து அரைமணி நேரத்துல இருக்கற குவெல்ஃப் கால்நடைக் கல்லூரியில ஸ்கோஃபீல்டுன்னு ஒரு டாக்டர்தான் காரணம் கெட்டுப்போன வைக்கோல்னு கண்டுபுடிச்சாரு. பின்னாடி அமெரிக்கால விஸ்கான்சின்ல அந்த வஸ்துவைப் பிரிச்செடுத்து, அதை ஒட்டி ஒண்ணைச் செஞ்சாங்க, மொதல்ல எலி மருந்து, அப்புறம் மனுஷனுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. வார்ஃபரின். எங்க பெரியப்பா வால்வு மாத்துன நாள்லேர்ந்து தெனம் சாப்பிட்ட மாத்திரை. நான் கையில எடுத்துட்டு திரும்ப வச்ச பை அது. சரி விஷயத்துக்கு வர்றேன்.

வெள்ளைக் குளோவர் அரைக்கிலோ வாங்குனேன். எப்ப போடறதுன்னு தெரியல. மார்ச் மாசம், ஞாயித்துக்கெழமை, எலோரா போயிட்டிருந்தோம். (ஆமா, எலோரா. 1832ல அந்த ஊரை உருவாக்கின கேப்டன் கில்கிசன் தன் அண்ணன் தம்பியில ஒருத்தரோட கப்பல் பேரை வச்சாரு, அந்தக் கப்பலுக்கு நம்ம எல்லோரா குகையோட பேரு. அங்க குகை பாக்கப் போகாத நான் இங்க ஆறு பாக்கப் போறேன்.) வழியில ஒரு வயலு, பனி அங்கங்க திட்டுத் திட்டா கெடக்கு, குளிர்காலக் கோதுமை கட்டைவிரல் ஒசரத்துக்கு நிக்குது, அதுக்குள்ள ஒருத்தரு நாலு சக்கர பைக்ல பின்னாடி ஒரு டப்பாவை மாட்டிக்கிட்டு எதையோ வீசிக்கிட்டே போறாரு. நிக்கிற பயிருக்குள்ள விதைப்பா? அதுவும் உறைஞ்ச தரையிலயா? காரை ஓரங்கட்டிட்டேன். வீட்டுக்காரி தலையில அடிச்சுக்கிட்டா.

அது சிவப்புக் குளோவர் விதைப்பு. தென் ஒன்டாரியோ விவசாயிங்க காலங்காலமா பண்றது, ஏக்கருக்கு மூணு நாலு கிலோ. ராத்திரி மைனஸ்ல போயி பகல்ல பூஜ்யத்துக்கு மேல வர்ற நாளா பாத்துப் போடணும். ராத்திரி மண்ணுல இருக்கற ஈரம் உறைஞ்சு மண்ணைத் தூக்கி விரிசல் விட வைக்கும், காலைல பாத்தா தரை தேன்கூடு மாதிரி பொத்தல் பொத்தலா இருக்கும், விதை அந்தப் பொத்தல்ல விழுந்துடும், பகல்ல எளகி மூடிக்கும், ராத்திரி திரும்ப விரியும். ஏரும் வேணாம் பரம்பும் வேணாம், குளிரே உழுது குளிரே மூடுது. ஜூலைல கோதுமையை அறுத்ததும் அடியில பொறுமையா ஒக்காந்திருந்த குளோவர் வெயிலைப் பாத்து கெளம்பும், மறுவருஷம் மக்காச்சோளத்துக்கு அதுதான் உரம். எலோராலயே குவெல்ஃப் பல்கலைக்கழகம் 1980லேர்ந்து ஒரே இடத்துல பயிர்ச்சுழற்சி சோதனை நடத்துது, கோதுமையும் சிவப்புக் குளோவரும் சேத்த சுழற்சியில மக்காச்சோளம் வறண்ட வருஷத்துலயும் தாக்குப்புடிச்சு நிக்குதுன்னு அதுல பாத்திருக்காங்க.

நான் இதை அப்பாவுக்கு வெளக்கிட்டிருக்கும்போதே பாதியில நிறுத்திட்டாரு. "இது நம்ம உளுந்துதானடா!"

அதேதான்! டெல்டாக்காரங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தை மாசம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நெல்லு நிக்கும்போதே உள்ள எறங்கி உளுந்தையோ பயறையோ தெளிச்சுடுவோம். ஏக்கருக்குப் பத்துப் பன்னெண்டு கிலோ. வயல்ல தண்ணி நிக்கக்கூடாது, காஞ்சும் போயிருக்கக்கூடாது, மெழுகு பதம்னு சொல்லுவாங்க. அப்பா செருப்பைக் கழட்டி வரப்புல வச்சுட்டு, வயல்ல எறங்கி குதிகாலை ஒரு அழுத்து அழுத்துவாரு. தடம் பதியணும், எடுத்ததும் தண்ணி ஊறி அதை ரொப்பக்கூடாது. ரொப்புனா நாளைக்கு வருவோம்னு திரும்பிடுவாரு. தடமே பதியலன்னா நேத்தே வந்திருக்கணும்னு மூஞ்சி சுண்டிப்போயிடும். நெல்லை அறுக்கும்போது உளுந்து ரெண்டு இலை விட்டு நிக்கும், அப்புறம் மண்ணுல மிச்சம் இருக்கற ஈரத்துலயும் விடியக்காலைப் பனியிலயுமே வளந்து சித்திரைக்குள்ள காய்ச்சுடும். இப்பல்லாம் அறுப்பு மெஷின் வந்ததுனால முன்கூட்டியே தெளிச்சா மொளைச்சதெல்லாம் சக்கரத்துல நசுங்கிடுது, அதனால மெஷின் எப்ப வரும்னு பாத்து மூணு நாலு நாளைக்கு முன்னாடிதான் தெளிக்கிறாங்க. மெஷின்காரன் சொன்ன தேதிக்கு வந்ததா சரித்திரமே இல்ல, அது தனிப் பொலம்பல்.

ஆக ஒரு பக்கம் தை, இன்னொரு பக்கம் மார்ச். ஒரு பக்கம் மெழுகு பதம், இன்னொரு பக்கம் தேன்கூட்டுப் பதம். எனக்குப் பதம் கண்டுபுடிக்கக் குதிகால் வச்சுப் பாக்க முடியாது, பூட்ஸைக் கழட்டுனா விரல் வெறச்சுப்போயிடும். ஆனா வேற ஒரு அடையாளம் கெடைச்சுது. எங்க பக்கத்துல எல்மைரா, செயின்ட் ஜேக்கப்ஸ்னு மென்னோனைட் ஜனங்க இருக்கற ஊருங்க, பழைய முறையில வாழற ஒரு கிறிஸ்தவப் பிரிவு, குதிரைவண்டியில போவாங்க. அவங்க மேப்பிள் மரத்துல ஓட்டை போட்டு வாளி தொங்கவிடுற நேரமும் இதே நேரந்தான், ஏன்னா மேப்பிள் சாறு எறங்கறதுக்கும் ராத்திரி உறைஞ்சு பகல்ல எளகணும். நாப்பது லிட்டர் சாறைக் காய்ச்சுனா ஒரு லிட்டர் சிரப். மரத்துல வாளி ஏறுச்சுன்னா தரையில விதை எறங்கலாம். நானா வச்சுக்கிட்ட கணக்குதான், ஆனா தப்பல.

விதை எவ்வளவு சின்னதுன்னா, ஒரு கிலோல சுமார் 15 லட்சம் விதை இருக்கும். என் எடத்துக்கு நூறு கிராம் போதும், அதுவே ஒன்றரை லட்சம். உள்ளங்கையில எடுத்து மூச்சு விட்டா பறந்துடும். இதை எப்படிச் சமமா வீசறது? அப்பா, "எள்ளுக்கு என்ன பண்ணுவோம்? மணல்ல கல"ன்னாரு. எள்ளுக்கு ஒண்ணுக்கு நாலு பங்கு மணலு, இதுக்கு நான் ஒண்ணுக்குப் பத்து வச்சேன். பிள்ளைங்க வெளையாடற மணல் மூட்டை ஒண்ணு வாங்கி கராஜ்ல தார்ப்பாய் விரிச்சு காயவச்சேன். ஈர மணலு கட்டிபுடிக்கும், விதை அடியில போயி உக்காந்துக்கும்.

அடுத்தது ரைசோபியம், வேர்ல முடிச்சு உண்டாக்கி நைட்ரஜனைப் புடிக்கிற கிருமி. எந்தப் பயறுக்கு எந்தக் கிருமின்னு கணக்கு இருக்கு, உளுந்துக்கு ஆகறது குளோவருக்கு ஆகாது. தனியா குளோவருக்குன்னே விக்கிற பாக்கெட்டை வாங்குனேன். (பூச்சு பூசுன விதைன்னா இதெல்லாம் ஏற்கனவே அதுல இருக்கும், ஆனா எடையில கணிசமான பங்கு பூச்சுதான், விதை கம்மி. அதை யோசிச்சுத்தான் விலையைப் பாக்கணும்.) ஊர்ல ஆறின கஞ்சியில ரைசோபியத்தைக் குழைச்சு உளுந்துல பெரட்டி நெழல்ல உலத்துவோம். நானும் சோறு வடிச்ச கஞ்சியில ஒரு கரண்டி எடுத்தேன். ஒரு கரண்டியே ஜாஸ்தி! விதை மொத்தமும் கேழ்வரகு உருண்டை மாதிரி ஒண்ணா சேந்துக்கிச்சு. அப்புறம் மணலைத் தூவித் தூவி, விரல்ல பிரிச்சுப் பிரிச்சு, ஒன்றரை மணி நேரம். என் பொண்ணு வந்து பாத்துட்டு, "அப்பா, ஆர் யூ குக்கிங் டர்ட்?"னா.

2022 மார்ச் கடைசியில ஒரு சனிக்கெழமை காலை ஏழு மணி, மைனஸ் நாலு. தரை மேல கால வச்சா அப்பளம் நொறுங்கற சத்தம். குனிஞ்சு பாத்தேன், புல்லு இல்லாத சொட்டையில மண்ணு மெல்லிசா தூக்கிக்கிட்டு நிக்குது, ஊசி ஊசியா ஐஸ் அதைத் தாங்கிக்கிட்டு இருக்கு, நடுவுல விரல்நுனி போற அளவுக்கு ஓட்டைங்க. மணலைப் பாதி எடுத்து கெழக்கு மேக்கா வீசுனேன், மிச்சப் பாதியை வடக்கு தெக்கா. வீசற கை அப்பாவோட கை மாதிரி வரல, சாம்பார்ல உப்புப் போடற மாதிரிதான் வந்துச்சு. பத்தரை மணிக்கு வெயிலு ஏறுச்சு, அந்த ஐஸ் ஊசியெல்லாம் சரிஞ்சு மண்ணு பொத்துன்னு ஒக்காந்துச்சு. விதை எங்க போச்சுன்னே தெரியல.

ஏப்ரல் பூரா ஒண்ணும் காணோம். ரெண்டு தடவை பனி பெஞ்சுச்சு. மே முதல் வாரம் முழங்கால் போட்டுக் குனிஞ்சு பாத்தா ரெண்டு ரெண்டு வித்திலை, கடுகு சைஸ். ஜூன்ல மூணு மூணு இலை. ஜூலை கடைசியில ஒண்ணைப் புடுங்கி வேரைக் கழுவிப் பாத்தேன், அரிசி நொய் மாதிரி முடிச்சு முடிச்சா. நகத்தால ஒண்ணைக் கீறுனா உள்ள ரோஸ் கலரு. சின்ன வயசுல உளுந்து வேரை அப்பா இப்படித்தான் கீறிக் காட்டுவாரு, "செவப்பா இருந்தா வேலை செய்யுது, வெளுப்பா இருந்தா சும்மா ஒக்காந்திருக்கு"ன்னு. நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினோட சொந்தக்காரப் பொருளு அந்த நெறம். போட்டோ எடுத்து அனுப்பினேன். "ம், ஒட்டிக்கிச்சு"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அவருகிட்ட அதுக்கு மேல பாராட்டு எதிர்பாக்கக்கூடாது.

குளோவரைப் பத்தி ஆஹா ஓஹோன்னு எழுதறவங்க சொல்லாம விடறதையும் சொல்லிடறேன். வெறும் குளோவர் மட்டும் போட்டா பிள்ளைங்க ஓடி ஆடற எடத்துல தாங்காது. குளிர்காலத்துல மேல எல்லாம் கருகிடும், ஏப்ரல்ல வெறும் சேறு, ஷூவோட வீட்டுக்குள்ள வரும். துணியில பட்டா பச்சைக் கறை போகவே போகாது. முயல் வரும், தெனமும் சாயங்காலம் மூணு வருது, பஃபே மாதிரி ஒரு ஓரத்துலேர்ந்து ஆரம்பிக்குது. தேனீயும் வரும், என் பொண்ணு வெறுங்காலோட போயி ஒரு தடவை கொட்டு வாங்குனா, அதுலேர்ந்து பூ நெறைய வந்தா மெஷினை ஒசரமா வச்சு ஒரு ஓட்டு ஓட்டிடறேன். அதனால புல்லும் குளோவரும் கலந்து இருக்கறதுதான் எனக்குச் சரிப்படுது. இன்னொண்ணு, நைட்ரஜன் உரத்தைக் கொட்டுனீங்கன்னா புல்லு மேல ஏறி குளோவரை அமுக்கிடும். உரம் போடாம விட்டா குளோவர் திரும்ப வரும். சோம்பேறிக்கு ஏத்த செடி.

பக்கத்து வீட்டுக்காரரு ஒருநாள் வேலி மேல சாஞ்சுக்கிட்டு, "உன் புல்லுல களை வந்திருக்கு"ன்னாரு. காசு குடுத்துப் போட்டதுன்னேன். அப்பா போன்ல முழிச்ச அதே முழி.

2023ல அம்மா மட்டும் வந்தாங்க. அப்பா மாட்டை விட்டுட்டு வரமாட்டாரு. ரெண்டாம் நாள் நான் ஆபீஸ் கால்ல இருக்கும்போது அம்மா பின்னாடி போயி மடி நெறைய பறிச்சுட்டு வந்திருக்காங்க. "எவ்வளவு புளியாரை! துவையல் அரைச்சுடறேன்". பாத்தா குளோவர். மூணு இலை இருக்கறதால ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் தெரியும். புளியாரையில ஒவ்வொரு இலையும் நெஞ்சு வடிவத்துல நடுவுல வெட்டு வாங்கியிருக்கும், பூ மஞ்சள், கடிச்சா பல்லு கூசும். குளோவர் இலை உருண்டை, நடுவுல வெளுப்பா ஒரு வளைவுக் கோடு, புளிப்பே கெடையாது. அம்மா ஒண்ணை வாயில போட்டு மென்னு பாத்துட்டு, "ச்சீ, மாட்டுத்தீனி"ன்னாங்க. கரெக்டாச் சொல்லிட்டாங்க.

புல்லுல ஜெயிச்ச தைரியத்துல காய்கறிப் பாத்திக்கும் மூடுபயிர், அதாவது காலி மண்ணை மூடி வச்சு அப்புறம் அதுக்கே உரமாகற பயிர், போடறேன்னு கெளம்பினேன். முதல்ல நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராச் சொன்ன பல தானிய விதைப்பு ஸ்டைல்ல. இந்தியன் கடையில போயி பச்சைப்பயறு, வெந்தயம், கடுகு, கொத்தமல்லி எல்லாம் முழுசா ஒவ்வொரு பாக்கெட் வாங்கி, ஆகஸ்ட்ல காலியான பாத்தியில கலந்து வீசுனேன். மளிகைச் சாமான்தான் விதை. மொளைச்சுது, வெந்தயக்கீரை ரெண்டு தடவை சாம்பாருக்கே ஆச்சு. அக்டோபர் முதல் உறைபனியில பச்சைப்பயறு ஒரே ராத்திரியில வெந்த கீரை மாதிரி தொங்கிப்போச்சு, மத்ததெல்லாம் இன்னும் கொஞ்ச நாளு நின்னுச்சு.

அடுத்த பாத்தியில செப்டம்பர் கடைசியில ரை போட்டேன். ரைகிராஸ் இல்ல, ரைங்கற தானியம். அது அசுரன். மண்ணு கிட்டத்தட்ட உறையற குளிர்லயும் மொளைக்கும், பனிக்கடியில பச்சையா படுத்திருக்கும், ஏப்ரல்ல எழுந்து ஓட ஆரம்பிக்கும். கணுக்கால் ஒசரத்துல வெட்டிக் கொத்தி விட்டிருக்கணும். நான், அடடா எவ்வளவு அழகா இருக்கு, மே மாசம் விக்டோரியா டே லீவுல நாத்து நடறப்ப பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். இங்க எல்லாரும் அந்த லீவுக்குத்தான் நடுவாங்க, அதுக்குமேல உறைபனி பயம் கம்மி. அன்னிக்குப் போயி பாத்தா என் நெஞ்சு ஒசரத்துக்கு நிக்குது, தண்டு மூங்கில் குச்சி மாதிரி. மம்பட்டி எறங்கல. வேரெல்லாம் கம்பளி பின்னுன மாதிரி. ரெண்டு நாளு முதுகு ஒடிய வெட்டி, கொத்தி, உள்ள தள்ளி, கத்திரி நாத்து நட்டேன். மூணு வாரத்துல கத்திரி மஞ்சக் காமாலை வந்த மாதிரி வெளுத்துப்போச்சு. முத்திப்போன வைக்கோலை மக்க வைக்க மண்ணுல இருக்கற நுண்ணுயிரெல்லாம் நைட்ரஜனைத் தானே எடுத்துக்குது, செடிக்கு மிச்சம் வைக்கிறதில்ல.

"எத்தனை நாளு விட்ட?"ன்னாரு அப்பா. குளிர்காலத்தைக் கழிச்சுக் கணக்குச் சொன்னேன். "தக்கைப்பூண்டு சணப்பைய நாப்பத்தஞ்சாம் நாள் பூ எடுக்கும்போதே மடக்கி உழுவோம்ல, ஏன்? அதுக்கு மேல விட்டா சணப்பையில கயிறுதான் திரிக்கலாம். நீ இப்ப கயிறு திரிக்கற நேரத்துல உழுதிருக்க." அவரு சின்னப் பையனா இருந்தப்போ பசுந்தாளுக்கு விதை வாங்குறதே இல்லையாம், வேப்பந்தழை, பூவரசந்தழை, எருக்கு, கொழிஞ்சின்னு கட்டுக்கட்டா வெட்டியாந்து சேத்துல போட்டு ஆளுங்க வரிசையா நின்னு மிதிப்பாங்களாம். பூவரசங்கொம்பு காலைக் குத்துனதை இன்னும் காட்டுவாரு, கட்டைவிரலுக்குப் பக்கத்துல ஒரு தழும்பு.

அதுலேர்ந்து நான் ரை பக்கம் போறதில்ல. ஆகஸ்ட் கடைசியில ஓட்ஸும் பட்டாணியும் போடறேன். ரெண்டும் முழங்கால் வரைக்கும் வரும், டிசம்பர்க் குளிர்ல தானே செத்துப் பாய் மாதிரி படுத்துக்கும். வசந்தத்துல அதை விலக்கி நாத்தை நட்டா போதும், இங்க இருக்கற குளிரு ஒண்ணாவது எனக்காக மடக்கி உழுதுட்டுப் போகட்டுமே.

இதை எழுதறது ஜனவரி கடைசி, வெளியில மைனஸ் பதினெட்டு. இன்னிக்குக் காலைல அப்பா வீடியோ கால்ல வந்தாரு. வயல்ல நிக்கிறாரு, நெல்லு பழுத்துச் சாஞ்சிருக்கு, இடுப்புல உளுந்து மூட்டை. மெஷின் வெள்ளிக்கெழமை வருதாம், அதனால இன்னிக்கே தெளிக்கிறாராம். போனைத் தரைப்பக்கம் திருப்பிக் குதிகாலை அழுத்திக் காட்டுனாரு. தடம் பதிஞ்சுது, தண்ணி ஊறல. "ஒனக்கு எப்ப?"ன்னாரு. பக்கத்துத் தெரு மேப்பிள்ல இன்னும் வாளி ஏறலப்பா, மணலு மட்டும் கராஜ்ல காயுதுன்னேன்.